மினி டிராக்டர் லோடருக்குப் பேலட் ஃபோர்க்: எது வாங்கலாம், எவ்வளவு தூக்கலாம்?

வடகரப்பதி_தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் பாலக்காடு மாவட்டம் வடகரப்பதி பக்கம். தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, அதோடு தேங்காய் நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்கும் சின்ன பித் பிளாக் யூனிட் ஒன்று. 27 எச்.பி. ஃபோர் வீல் மினி டிராக்டர் இருக்கிறது. லோடரும் (முன்னால் மாட்டும் தூக்கும் கை) பக்கெட்டும் சேர்த்தே வாங்கியது. இப்போது பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பேலட் ஃபோர்க் (பேலட் என்கிற சரக்கு அடுக்கும் மரத்தட்டைத் தூக்கும் இரண்டு இரும்பு முட்கள்) மாட்டலாம் என்று யோசனை.

முக்கியமான வேலை, 5 கிலோ பித் பிளாக்கைப் பேலட்டில் அடுக்கி, ஷெட்டில் இருந்து எடுத்து வந்து பிக்கப் வண்டியில் ஏற்றுவது. யூரியா, மாட்டுத்தீவன மூட்டைகள் இறக்குவதும் இருக்கும். லோடர் புத்தகத்தில் முழு உயரத்துக்கு 450 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. ஃபோர்க் விற்கிறவர் "எங்க ஃபோர்க் 1,500 கிலோ தாங்கும்" என்கிறார். அப்படியானால் 400 கிலோ பேலட்டைத் தைரியமாகத் தூக்கலாமா? களம் கரிசல் மண், மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_பட்டறை

தம்பி, 1,500 என்பது ஃபோர்க் இரும்பு வளையாமல் தாங்கும் எடை. உங்கள் டிராக்டர் தூக்கும் எடை அது இல்லை. இரண்டையும் கலந்து சொல்லித்தான் பல இடத்தில் விற்கிறார்கள், அதனால் கணக்கை விளக்கமாகவே போடுகிறேன்.

புத்தகத்தில் உள்ள 450 கிலோவைப் பெரும்பாலும் பக்கெட் மாட்டும் மூட்டில் வைத்து அளந்திருப்பார்கள். பேலட்டோ அந்த மூட்டுக்கு வெகு முன்னால் உட்காருகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும், கையை நீட்டிப் பிடித்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

லோடர் கை தொடங்கும் இடத்தில் இருந்து பக்கெட் மூட்டு வரை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லோடரில் டேப் பிடித்து அளந்து எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 450-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 810. இந்த 810-ஐத்தான் நாம் பங்கு போட்டுச் செலவழிக்க வேண்டும். ஃபோர்க்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து 90 கிலோ, அதன் எடை மையம் 2 மீட்டரில் என்றால் 180 அதற்கே போய்விடும். மீதி 630. ஃபோர்க் சட்டத்தின் கனம் 15 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் ஆழமுள்ள பேலட்டின் நடு இன்னும் 60 சென்டிமீட்டர் தள்ளி. மொத்தம் 2.55 மீட்டர். 630-ஐ அதனால் வகுத்தால் 247.

ஆக, 450 கிலோ லோடரில் பேலட்டோடு சேர்த்து 250 கிலோதான் நியாயமான எடை. 400 கிலோவைத் தரையில் இருந்து ஒரு சாண் கிளப்பிவிடலாம், ஏனென்றால் பல லோடர்களுக்குக் கீழே பலம் கொஞ்சம் கூடுதல். வண்டித் தொட்டி உயரம் வரும்போது கை நின்றுவிடும், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) கத்த ஆரம்பிக்கும். அதற்கு முன்பே பின் டயர் தரையை விட்டிருக்கும் என்பதுதான் என் கவலை.

வேலந்தாவளம்_காய்கறி

நான் சட்டமெல்லாம் வாங்கவில்லை. பக்கெட் உதட்டில் செருகித் திருகு போட்டு இறுக்கும் ஃபோர்க் போதும். விலை குறைவு, பத்து நிமிட வேலை. கத்தரி, புடலைப் பெட்டிகளை அதில்தான் சந்தைக்கு எடுத்து வைக்கிறேன். ஒரு தடவைக்கு நூறு கிலோவுக்கு மேல் போவதில்லை, இதுவரை ஒரு குறையும் இல்லை.

பொள்ளாச்சி_பட்டறை

நூறு கிலோவுக்கு அது சரிதான், நான் மறுக்கவில்லை. வடகரப்பதித் தம்பியின் வேலைக்கு அது ஆகாது. அதே 810-ஐ வைத்துப் பாருங்கள். பக்கெட் 100 கிலோ கழற்றாமல் அங்கேயே இருக்கிறது. செருகு ஃபோர்க் 40 கிலோ, அதுவும் பக்கெட்டுக்கு முன்னால் தொங்குகிறது. பேலட் இன்னும் அரை மீட்டர் வெளியே தள்ளிப் போகிறது. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 160 கிலோ பக்கம்.

எடையை விட எனக்குப் பயம் பக்கெட் உதட்டைப் பற்றித்தான். மினி டிராக்டர் பக்கெட் மண் அள்ளச் செய்த மெல்லிய தகடு. இரண்டு புள்ளியில் மொத்தப் பாரமும் நெம்பினால் உதடு அலை அலையாக வளைந்துவிடும், பிறகு தரை மட்டம் எடுக்க அந்தப் பக்கெட் உதவாது. இரண்டு ஃபோர்க்குக்கும் குறுக்கே சங்கிலியோ கம்பியோ கட்டாவிட்டால் வேலை நடுவில் ஒன்று விலகவும் செய்யும்.

தனிச் சட்டமாக வாங்கும்போது உங்கள் லோடர் முனை என்ன வகை என்று முதலில் பாருங்கள். இரும்புப் பின் (ஆணி) அடித்து மாட்டுவதா, இரண்டு நெம்புகோல் கொண்ட தகடு லாக் வகையா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தகடு லாக் வகை என்றால் ஃபோர்க்கும் பக்கெட்டும் மாற்றி மாற்றி மாட்டுவது சுலபம். கழற்றி மாட்ட அரை மணி ஆகும் பொருளை யாரும் கழற்ற மாட்டார்கள், பக்கெட் மூலையில் துருப்பிடிக்கும்.

குப்பம்_தக்காளி

ஆந்திரா பக்கத்தில் இருந்து ஒரு யோசனை. நாங்கள் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின் லிஃப்டில் மாட்டும் ஃபோர்க் வைத்திருக்கிறோம். மினி டிராக்டரில் முன் லோடரை விடப் பின் லிஃப்ட்தான் பலசாலி. மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2741 இரண்டுக்கும் 750 கிலோ சொல்கிறார்கள். ஜான் டியர் 3028 இ.என். என்றால் 910 கிலோ. அது கீழ் லிங்க் (பின் லிஃப்டின் கீழ்க் கைகள்) முனையில் சொல்லும் எடை, பேலட் நடுவுக்கு வரும்போது அங்கேயும் குறையும். குறைந்தாலும் லோடரை விட மேல்.

எடை பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்காருவதால் கரடுமுரடான வரப்பிலும் வண்டி அமைதியாகப் போகும். வயலில் இருந்து சாலை வரை பெட்டி கொண்டுவர இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காமல் போகாமலிருக்க முன்னால் எடைக்கட்டி வேண்டும். லோடர் மாட்டியிருந்தால் அதுவே போதும்.

குறை என்னவென்றால் முட்டி உயரத்துக்குச் சற்று மேல்தான் தூக்கும். பிக்கப்பில் ஏற்ற முடியாது. கழுத்தைத் திருப்பி ரிவர்ஸிலேயே வேலை பார்க்க வேண்டும், நாள் முழுக்கச் செய்தால் ராத்திரி கழுத்து சொல்லிவிடும்.

வடகரப்பதி_தோப்பு

மிக்க நன்றி அண்ணா. வண்டியில் ஏற்றுவதுதான் என் முதல் வேலை என்பதால் முன் ஃபோர்க் இல்லாமல் ஆகாது. ஆனால் 250 கிலோ என்றால் எனக்கு எத்தனை அடுக்கு வரும் என்று பார்த்தேன். பிளாக் 30-க்கு 30 சென்டிமீட்டர். 120-க்கு 90 பேலட்டில் ஒரு அடுக்குக்குப் பன்னிரண்டு பிளாக், 60 கிலோ. பேலட் 20 கிலோ. மூன்று அடுக்கு வைத்தால் 200, நான்கு வைத்தால் 260. நீளப் பக்கத்தில் இருந்து ஃபோர்க்கை நுழைத்தால் ஆழம் 90 தானே, அப்போது எடை கூடுதலாகத் தூக்குமா?

பொள்ளாச்சி_பட்டறை

தூக்கும், ஆனால் கொஞ்சம்தான். நடு 45 சென்டிமீட்டரில் வருவதால் 630-ஐ 2.40-ஆல் வகுக்க வேண்டும், 262 கிலோ. நான்கு அடுக்கு 260. விளிம்பில் நிற்கிறது. எண்ணெய் சூடேறிய மத்தியானத்தில் அந்த விளிம்பை நம்பாதீர்கள்.

அதை விட ஒரு நல்ல வழி இருக்கிறது. பேலட்டையே டிராக்டருக்கு ஏற்ற மாதிரி செய்யுங்கள். 120-க்கு 60 பேலட் அடித்தால் ஒரு அடுக்குக்கு எட்டு பிளாக், 40 கிலோ. எடை மையம் ஃபோர்க் முகத்தில் இருந்து வெறும் 30 சென்டிமீட்டர். 630-ஐ 2.25-ஆல் வகுத்தால் 280 கிலோ வரை இடம் இருக்கிறது. ஆறு அடுக்கு 240, பேலட் 15, மொத்தம் 255. ஏற்றுமதிக்காரர்கள் பேலட் பார்த்து டிராக்டர் வாங்குவார்கள். நம்மைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு டிராக்டர் பார்த்துப் பேலட் செய்வதுதான் கட்டுபடியாகும்.

ஃபோர்க் நீளம் 36 அங்குலம் எடுங்கள். 48 அங்குலம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்தக் கூடுதல் இரும்பும் உங்கள் 810-இல் இருந்துதான் போகும். குறுகிய இடத்தில் திரும்பவும் முடியாது. 60 ஆழப் பேலட்டில் முனை ஒரு அடி வெளியே நீட்டும், அதனால் பின்னால் இருக்கும் அடுக்கைக் குத்தாமல் பார்க்க வேண்டும். பித் பிளாக்கில் முனை பட்டால் மூலை பொடிந்து கொட்டும், அந்த பிளாக் பிறகு விற்காது. உங்கள் பிக்கப் தொட்டி 1.7 மீட்டர் அகலம் என்றால் இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை என்று இரண்டு பக்கத்தில் இருந்தும் ஏற்றுங்கள். நடுவில் அரை மீட்டர் இடைவெளி கிடைக்கும், முனை எதிலும் இடிக்காது. ஏற்றி முடித்ததும் அந்த இடைவெளியை வெறுமனே விடாமல் பெல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

சித்தூர்_நார்மில்

இடையில் ஒன்று. பேலட் நீங்களே அடிப்பதாக இருந்தால், உள்ளூர் வேலைக்கு எந்த மரமும் போதும். அதே மரப் பேலட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்கில் வைக்க நினைத்தால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை வேண்டும். மரத்தின் உள்வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், களத்து மண்ணில் இழுபட்ட பேலட்டைக் கன்டெய்னருக்குள் அனுப்பாதீர்கள்.

நகரி_மாந்தோப்பு

கணக்கு எல்லாம் அருமை. நான் சொல்ல வருவது உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து கவனியுங்கள்.

மினி டிராக்டர் லோடர்கள் பலவற்றில் தானாக மட்டம் காக்கும் அமைப்பு கிடையாது. கையைத் தூக்கத் தூக்க ஃபோர்க் முனை மேலே பார்க்கும், பேலட் டிரைவர் பக்கம் சாயும். பக்கெட்டில் மண் இருந்தால் இது தெரியாது. பேலட்டில் மாங்காய்ப் பெட்டி ஐந்து அடுக்கு இருந்தால் மேல் பெட்டி லோடர் கை வழியாக நேராக மடியில் வந்து விழும். பெங்களூரா மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு லோடு அனுப்பும் அவசரத்தில் எங்கள் பக்கம் இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பெட்டி விழுந்தது பானெட் மேல், அதனால் ஆள் தப்பினார்.

அதனால் தூக்கும்போது இடைவிடாமல் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும், இறக்கும்போது அதற்கு நேர்மாறு. முதல் சில நாள் வெறும் பேலட்டில் கையைப் பழக்குங்கள். ஃபோர்க் சட்டத்துக்குப் பின்தடுப்புக் கம்பி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அதன் உயரம் உங்கள் ஆறு அடுக்கில் மேல் அடுக்குக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ரோல் பாரை (டிராக்டர் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வளைவுக் கம்பி) மடக்காதீர்கள், பெல்ட் போடாமல் ஏறாதீர்கள்.

மினி டிராக்டரில் உட்கார்ந்தால் ஃபோர்க் முனை கண்ணுக்கே தெரியாது. நாங்கள் ஒரு வேலை செய்தோம். சட்டத்தின் ஓரத்தில் ஒரு குழாய், அதற்குள் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும் ஒரு கம்பி. ஃபோர்க் மட்டமாக இருக்கும்போது கம்பியின் நுனி குழாயில் பெயின்ட் அடித்த கோட்டுக்கு வரும். இருக்கையில் இருந்தே மட்டம் தெரிந்துவிடும். ஃபோர்க் முனைக்கு வெள்ளை பெயின்ட், மாதம் ஒரு தடவை மறுபடி பூச வேண்டும்.

தோப்புக்குள் கரன்ட் கம்பி தாழ்வாக இருக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கிக்கொண்டு நகரவே கூடாது. தரையில் இருந்து ஒரு சாண், சாணரை உயரத்தில் வைத்து ஓட்ட வேண்டும், சரக்கு ஏற்றும் வண்டிக்கு முன்னால் நின்ற பிறகுதான் தூக்க வேண்டும்.

பொள்ளாச்சி_பட்டறை

நகரி அண்ணா சொன்னதில் ஒரு வார்த்தையும் விடாதீர்கள். அதோடு எதிர் எடை. ஃபோர்க் வாங்கும் காசில் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

250 கிலோ பேலட், முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 1.55 மீட்டர் என்றால், பின் சக்கரத்தில் இருந்து 240 கிலோவைக் கிளப்பி முன்னால் போட்டுவிடும். ஆக முன் அச்சில் ஏறுவது 250 அல்ல, 490 கிலோ. ஃபோர் வீல் மினி டிராக்டர் முன் அச்சில் உள்ள சீல், பேரிங், பெவல் கியர் எல்லாம் இந்த எடையில்தான் தேய்கின்றன. என் பட்டறைக்கு வரும் லோடர் வண்டிகளில் முன் ஆக்சில் ஆயில் கசிவு அடிக்கடி பார்க்கும் கேஸ்.

200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டி, லிங்க் பின்களை வைத்துக் காங்கிரீட் கொட்டினால் 240 கிலோ வரும். பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் லிஃப்டில் தொங்கவிட்டால் முன் அச்சில் இருந்து 140 கிலோ கழியும்.

வேலந்தாவளம்_காய்கறி

பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா? நாங்கள் உழவுக்கு அப்படித்தான் செய்வோம்.

பொள்ளாச்சி_பட்டறை

அதுவும் நல்லது, வண்டி கவிழாமல் நிற்க உதவும். ஆனால் டயர் தண்ணீரின் எடை நேராகப் பின் அச்சின் மேல் நிற்கிறது. முன் அச்சின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் எடை பின் அச்சுக்குப் பின்னால் போக வேண்டும். முடிந்தால் இரண்டும் செய்யுங்கள், ஒன்றுதான் என்றால் பேரல். சிலர் ரோட்டாவேட்டரை மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள், எடை கிடைக்கும், ஆனால் ஷெட்டுக்குள் திரும்பும்போது அதன் அகலம் தூணில் உரசும்.

பிரேக் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பாரம் முன்னால் ஏறிப் பின் சக்கரம் லேசானால் பிரேக் மிதித்தும் வண்டி வழுக்கும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரத்தோடு இணைந்தே சுற்றுவதால் அந்தப் பிடிப்பு நான்குக்கும் வரும். அதனால் லோடோடு சரிவில் இறங்கும்போது ஃபோர் வீல் கட்டாயம். பேலட் மேட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி, அதாவது ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். சரிவுக்குக் குறுக்கே போகவே வேண்டாம்.

கரிசலுக்கு என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஈரக் கரிசலில் 490 கிலோ ஏறிய சின்ன முன் டயர் இறங்கித்தான் தீரும். ஒரு பக்கம் இறங்கினால் தூக்கிய பேலட் அந்தப் பக்கமே இழுக்கும். ஷெட் வாசலில் இருந்து வண்டி நிற்கும் இடம் வரை மட்டும் கிராவலும் ஜல்லியும் கொட்டி இடித்துவிடுங்கள். அது முடியாதவரை மழை நாளில் ஃபோர்க் வேலை வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_மாடுகள்

பழைய இரும்புக் கடையில் ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் கிடைக்கிறது. அதை வாங்கிச் சட்டம் மட்டும் அடித்துக்கொள்ளலாமா?

பொள்ளாச்சி_பட்டறை

அடிக்கலாம், இரும்பு உயர்ந்த ரகம். ஆனால் எடையைப் பாருங்கள். 1,070 நீளம், 100 அகலம், 40 மில்லி கனம் என்றால் ஒரு ஜோடியே 80 கிலோ தாண்டும், சட்டம் தனி. ஃபோர்க் மாட்டும் அளவைக் கிளாஸ் என்று பிரித்திருக்கிறார்கள்: மேல் கொக்கிக்கும் கீழ் கொக்கிக்கும் நடுவே சட்டத்தின் உயரம் கிளாஸ் 1-க்குச் சுமார் 330 மில்லி, கிளாஸ் 2-க்குச் சுமார் 407 மில்லி. மினி டிராக்டருக்கு 1,000 கிலோ வரையிலான கிளாஸ் 1 தாராளம்.

பழையதில் பார்க்க வேண்டிய இடம் முழங்கை, ஃபோர்க் மடங்கும் இடம். தண்டின் மேல்பகுதிக் கனத்தையும் முழங்கைக் கனத்தையும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் வேண்டாம். முழங்கையை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து முடி போல விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். வெல்டிங் தடமோ ஓட்டை போட்ட இடமோ இருந்தால் கை வைக்காதீர்கள். பதப்படுத்திய எஃகில் வெல்டிங் வைத்தால் அந்த இடமே பலவீனம், உடையும்போது வளையாது, பட்டென்று போகும்.

வடகரப்பதி_தோப்பு

இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை ஏற்றி இறக்குபவர்கள்) இருக்கிறார்கள். மெஷினில் ஏற்றினால் பிரச்சினை வருமா?

சித்தூர்_நார்மில்

கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, அவர்கள் செய்யும் வேலைக்குக் கூலி நியாயம். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. நாங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசினோம். பேலட்டில் அடுக்குவதும் வண்டியில் பெல்ட் கட்டுவதும் அவர்கள் வேலை, தூக்குவது மெஷின். முதுகில் சுமக்கும் பாரம் குறைந்ததில் அவர்களுக்கும் நிம்மதி. ஒரே ஒரு விதி கறாராக வைத்தோம்: தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே யாரும் போகக் கூடாது, ஃபோர்க் மேல் நின்று யாரும் ஏறவும் கூடாது.

வடகரப்பதி_தோப்பு

பேரல் எடை செய்துவிட்டேன். 36 அங்குல ஃபோர்க், பின்தடுப்புடன், தகடு லாக் வகைச் சட்டம் மாட்டியாயிற்று. 120-க்கு 60 பேலட் தச்சரிடம் சொல்லி அடித்தது.

எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி, பேலட் இல்லாமல், பேலட்டோடு, பேலட்டும் பேரலும் சேர்த்து என்று தனித்தனியாக அளந்தேன். பட்டறை அண்ணா சொன்ன கணக்குக்குப் பக்கத்திலேயே நின்றது. பேரலைத் தூக்கியதும் எடைமேடை எண் இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புதிதாக ஃபோர்க் மாட்டுகிற எல்லோரும் இதைச் செய்து பாருங்கள், எடைமேடைச் சீட்டுக்கு ஆகும் செலவு பெரிதில்லை.

ஆறு அடுக்கு நிதானமாக ஏறுகிறது. யூரியா என்றால் 45 கிலோ மூட்டை ஐந்து, அதற்கு மேல் வைப்பதில்லை. தகடு லாக்கில் ஒரு கேள்வி. நெம்புகோல் முழுசாக மடங்குகிறது, ஆனால் இடது பக்கம் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது. சாதாரணம்தானா?

பொள்ளாச்சி_பட்டறை

லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் நெம்புகோலை மட்டும் நம்பாதீர்கள். இறங்கிப் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் லாக் முளை சட்டத்தின் கீழ் ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பித் தூளும் கரிசலும் அந்த ஓட்டையில் இறுகினால் முளை பாதியில் நிற்கும், நெம்புகோல் மடங்கிய மாதிரியே தெரியும். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். அப்புறமும் இடது பக்கம் ஆடினால் லோடு வைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள், சட்டத்தின் மேல் உதடு சரியாக உட்காராமல் இருக்கலாம்.

வடகரப்பதி_தோப்பு

பார்த்தேன் அண்ணா. இடது ஓட்டையில் தூள் அடைத்திருந்தது, முளை பாதிதான் வந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு முறை மாட்டும்போதும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.